மூன்றாவது வாக்கியம்

நான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் நான்கரை வருடம் வேலை பார்த்தேன். கொங்கு நாட்டுத் தொகுதிகளில் ஒன்று. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்கள் கட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது விட்டுப்போகும்.

அதற்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் மனுவாக்குவேன். ஆங்கிலத்தில் வந்த உத்தரவை வழக்குக்காரருக்குத் தமிழில் சொல்லிப் புரியவைப்பேன். அந்த வேலை தெரியும் என்பதால்தான் எம்.பி. அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனுவோடு யார் வந்தாலும் எழுந்து நின்று, அவரை உட்காரவைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார். மனுவை உதவியாளரிடம் தள்ளிவிடாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படிப்பார். பெரிய மனிதர்களில் இப்படி ஒருவரா என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி என் கணவருக்கே அலுத்துப்போயிருந்தது.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்திருந்தாள். மோட்டாருக்குத் தகடு வெட்டும் ஸ்டாம்பிங் பட்டறையில் வேலை. பவர் பிரஸ் இறங்கி மூன்று விரல்கள் போய்விட்டன. முதலாளி அவளை நிறுத்திவிடவில்லை, பேக்கிங்கில் போட்டிருந்தார். அவளுக்கு உதவித்தொகை வேண்டும், அல்லது வேறு வேலை வேண்டும் என்று நினைத்து நான் படிவத்தை எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றாள்.

பிறகு அவள் சொன்னது இது. அந்த மிசினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அடியில் மாட்டாது. ஆனால் வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று ஒரு பட்டனில் குச்சியைச் சொருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுவார்கள். ஒரு கையால் பட்டன், இன்னொரு கையால் தகடு. அப்படித்தான் இவள் விரல்கள் போயின.

"இப்பவும் அந்தக் குச்சியெ எடுக்கலீங்க. நா இருந்த எடத்துல ஒரு ஒடிசாக்காரப் பொண்ணு உக்காந்திருக்குது. தமிழும் தெரியாது. நா பேக்கிங்ல இருந்து அதோட கையவே பாத்துட்டு இருக்கறனுங்க. வேலையே ஓட மாட்டேங்குது."

எம்.பி. அன்று ஊரில் இருந்தார். அவளை உள்ளே அழைத்துப் போனேன். அவர் முழுவதும் கேட்டார். "கையக் காட்டு அம்மணி" என்றார். அவள் தலைப்பை விலக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

"இதுக்கு நான் சட்டம் கொண்டு வாரேன்" என்றார். "நீ தைரியமாப் போ."

அவர் ஏதோ ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரமே டெல்லியில் ஒரு வக்கீலைப் பிடித்தார். சிறு பட்டறைகளில் பிரஸ் மிசின்களுக்குத் தடுப்புக் கட்டாயம், ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதிக்க வேண்டும், விபத்தை மறைத்தால் தண்டனை என்று ஒரு தனிநபர் மசோதா. அதாவது அரசாங்கம் கொண்டுவராமல் ஓர் உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவரும் மசோதா. அதற்கு ஆதாரமாகப் பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் வேண்டும் என்றார் வக்கீல். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

நானும் அவளும் என் ஸ்கூட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றினோம். பெரியநாயக்கன்பாளையம், கணபதி, பஸ் ஏறிப் பெருந்துறை. விரல் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத்தான் தெரிந்தது. ஆனால் யாரும் லேசில் வாய் திறக்கவில்லை. எம்.பி. ஆபீஸ் என்றதும் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டே பேசினார்கள். கோட்டைமேட்டில் ஒரு வீட்டில், நாற்பது வருடம் லேத்தில் நின்ற ஒரு பாய் எங்களுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகலைம்மா" என்றார். அவருக்குக் கட்டைவிரலே இல்லை. இவள் தன் வலது கையை எடுத்து அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். எல்லா வீட்டிலும் இப்படித்தான். என் பேனாவுக்கு யாரும் பேசவில்லை, அவள் கைக்குத்தான் பேசினார்கள். பதினோரு பேர்.

பன்னிரண்டாவது வாக்குமூலம் அவளுடையது. என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். நான் குக்கரை இறக்கிவைத்துவிட்டு எழுதினேன். ஆய்வாளர் வருவதுண்டா என்று கேட்டபோது அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"இன்ஸ்பெக்டர் வர்றதுனால எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லீங்க. அவரு வர்ற அன்னைக்கு எங்களுக்கு வேலை இல்லைன்னு ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. சொல்லாமக் கொள்ளாம வரோணுமுங்க, அப்பத்தான் அந்தக் குச்சி அவரு கண்ணுல படும்."

மூன்று வாக்கியங்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதை ஆங்கிலத்தில் கொண்டுவர நான் அரை நாள் எடுத்துக்கொண்டேன். நன்றாகவே வந்திருந்தது. அந்தப் பெருமையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மசோதா அறிமுகமானது. அலுவலகத்தில் டி.வி.யில் நேரலையாகப் பார்த்தோம். அவளும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எம்.பி. எழுந்து, அனுமதி கேட்டு, அறிமுகப்படுத்துகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த உறுப்பினர் எழுந்துவிட்டார்.

"அவ்வளவுதானுங்களா அக்கா?" என்றாள்.

"இது ஆரம்பம் கண்ணு. இனி விவாதத்துக்கு வரும்" என்றேன். அப்படித்தான் நம்பினேன். எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தோம். அந்த ஒடிசாப் பெண்ணுக்கு என்று ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. எப்போதாவது போன் செய்து, "நம்ம சட்டம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்பாள். வரிசையில் இருக்கிறது என்பேன்.

அப்புறம் அரசாங்கமே ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. சிறு தொழிற்கூடங்களுக்கு ஆய்வாளர் நேரில் போகவேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று முதலாளியே கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால் போதும். எங்கள் மசோதாவுக்கு நேர் எதிர். எம்.பி. அதை எதிர்த்துப் பேசுவார் என்று நான் நிச்சயமாக இருந்தேன். விவாதத்துக்கு முந்தின நாள் அவருடைய உதவியாளர் டெல்லியிலிருந்து கூப்பிட்டார். "மேடம், அந்தப் பொண்ணோட ஸ்டேட்மெண்ட்ல இன்ஸ்பெக்டரப் பத்தி ஒண்ணு இருக்குமல்லங்க? இங்கிலீஷ்ல உடனே அனுப்புங்க. சார் நாளைக்குப் பேசறாரு." எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. மூன்று வாக்கியங்களையும் அனுப்பினேன். மூன்றாவதற்குக் கீழே கோடு போட்டு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் ஆறேழு பேர் டி.வி.க்கு முன்னால் இருந்தோம். எம்.பி. நன்றாகப் பேசினார். தன் தொகுதியின் பட்டறைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு, ஸ்டாம்பிங் வேலையில் மூன்று விரல்களை இழந்த ஒரு சகோதரி தன்னிடம் நேரில் சொன்னதாக, என் ஆங்கிலத்தைப் படித்தார். முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம். அங்கே நிறுத்தி, தலையை நிமிர்த்தி, "தொழிலாளியே ஆய்வாளர் வேண்டாம் என்கிறார். ஆகவே இந்தத் திருத்தத்தை வரவேற்கிறேன்" என்றார்.

மேஜைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் அலுவலகத்திலும் கை தட்டினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் தவறிப் புரட்டிவிட்டார், இப்போது திரும்ப வந்து அந்த மூன்றாவதையும் படித்துவிடுவார் என்று. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அந்தப் பேச்சை வெட்டி, கீழே தமிழ் எழுத்துகளோடு வாட்ஸப்பில் பரப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழ் எழுத்துகள் போடுவது என் வேலை. உதவியாளரைக் கூப்பிட்டேன்.

"சார் ஒரு வரியெ விட்டுப்போட்டாருங்க. அர்த்தமே தலைகீழா மாறிப்போச்சு" என்றேன்.

"சார் பேசினதுக்குத்தானுங்க மேடம் நாம தமிழ் போடறோம். பேசாததுக்கு எப்பிடிப் போடறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் போட்டேன். மூன்றாவது வாக்கியத்தையும் தட்டினேன், பிறகு அழித்தேன். என் ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்ன தமிழே எனக்கு மனப்பாடம். அதையே போட்டேன், "இல்லீங்க" என்பதை மட்டும் "இல்லை" என்று மாற்றி.

மூன்று நாள் கழித்து அவள் வந்தாள். அன்று தலைப்பில் கையைச் சுற்றியிருக்கவில்லை. போனை என் மேஜையில் வைத்து அந்தக் காட்சியை ஓடவிட்டாள்.

"நா எப்பங்க்கா இப்பிடிச் சொன்னேன்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"மொதலாளி எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சுப் போட்டுக் காட்டுனாருங்க. 'பாத்தீங்களா, நம்ம புள்ளையே டெல்லி வரைக்கும் சொல்லீருச்சு'ன்னு எனக்குக் கை குடுத்தாரு. இந்தக் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. வெளிய வந்தா பிரஸ்ல நிக்கறவங்க எங்கூடப் பேசறதில்லை. எத்தனை வாங்குனேன்னு கேக்கறாங்க. அந்தக் கோட்டைமேட்டு பாய் போன் பண்ணி, 'உன்னய நம்பித்தானம்மா நான் வாயத் தொறந்தேன்'ங்கறாரு. நா அவருக்கு என்னன்னு சொல்றது? எழுதுனது நீங்க. படிச்சது அவரு. பேரு மட்டும் என்னுதுங்களா?"

"மூணையும் அனுப்புனேன் கண்ணு. அவங்க..."

"இந்தத் தமிழ் எழுத்தெ யாரு போட்டது?"

என் கண் மேஜையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போயிற்று. அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு போனாள். வாசல்வரை நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போனபின் நாடாளுமன்ற இணையதளத்தைத் திறந்து எம்.பி.யின் பெயரில் இருந்ததை எல்லாம் முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். இத்தனை நாள் அங்கே வேலை பார்த்தும் நான் அதைப் பார்த்ததில்லை. நேரில் தெரிந்த மனிதரைக் கம்ப்யூட்டரில் எதற்குத் தேடுவது என்று இருந்துவிட்டேன். அவர் பெயரில் நாலு மசோதாக்கள். எங்களுடையதும் இருந்தது. நிலுவையில் என்று போட்டிருந்தது. நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடிக்கொண்டே போனபோது ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து நின்றேன். எந்தத் தனிநபர் மசோதாவை விவாதிப்பது என்று போடும் குலுக்கலில் எங்களுடையது தேர்வாகி அன்றைக்கு விவாதத்துக்கு வந்திருக்கிறது. பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டார்கள்.

அலுவலக டைரியை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தேன். பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறை அதிபர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. என் கையெழுத்து. விமான டிக்கெட் போட்டதும் நான். மசோதா அன்றைக்கு வருகிறது என்று டெல்லி அலுவலகத்துக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை எம்.பி. வந்ததும் உள்ளே போனேன். வழக்கம்போல எழுந்து நின்று, "உக்காருங்க அம்மணி" என்றார். நான் உட்காரவில்லை. கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகவே கேட்டார்.

"கோவம் நியாயந்தானுங்க" என்றார். "ஆனா தனிநபர் மசோதா சட்டமாகறது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? வக்கீல்கிட்ட வேலை பாத்தவங்க நீங்க. அன்னைக்கு நான் அவையில இருந்திருந்தா ரெண்டு மணி நேரம் பேசுவோம், மந்திரி 'பரிசீலிக்கிறோம்'னு சொல்லுவாரு, நான் வாபஸ் வாங்கிக்குவேன். அவ்வளவுதான்."

"அந்தப் புள்ளைகிட்ட சட்டம் கொண்டு வாரேன்னீங்களே, சார்."

"கொண்டு வந்தனல்லங்க? என் பேர்ல இருக்குது பாருங்க. அதை யாரும் அழிக்க முடியாது. நிறைவேத்திக் குடுக்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

சொல்லவில்லைதான். அவர் வார்த்தையில் ஒரு பொய்யும் இல்லை. வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவள் நான். அந்த வித்தியாசத்தை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டியது நான்தான்.

"மூணாவது வரியெ ஏனுங்க விட்டீங்க?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "பட்டறைக்காரங்க அத்தனை பேரும் வந்து நின்னாங்க அம்மணி. அவங்களும் நம்ம மக்கள்தானுங்களே" என்றார். பிறகு மணியை அடித்து எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அந்தக் காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன், வேலையை உதறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். காபியைக் குடித்தேன். அப்போது மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். எம்.பி. ஆபீசில் வேலை என்பது மாப்பிள்ளை வீட்டில் ஒரு மரியாதை. நிச்சயம் முடிகிறவரை இரண்டரை மாதம் போய்வந்தேன். எதிர்ப்படுகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள், நானும் சொல்வேன். அந்த மாதங்களைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

வேலையை விட்ட அன்று பன்னிரண்டு வாக்குமூலங்களின் மூலத்தாள்களையும் பையில் எடுத்துப்போட்டுக்கொண்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து அவைச் செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மொழிபெயர்த்தவள் நான், மேற்கோளில் மூன்றாவது வாக்கியம் விடுபட்டிருக்கிறது, அதனால் பொருள் மாறிவிட்டது, பதிவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று. கடிதம் கிடைத்ததாக ஓர் அட்டை வந்தது. வேறெதுவும் வரவில்லை. திருத்த மசோதா அதற்குள் சட்டமாகிவிட்டிருந்தது.

தாள்களைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் போனேன், இந்தத் தடவை தனியாக. சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பெருந்துறையில் ஒருவர் என் கண்முன்னாலேயே கிழித்துப்போட்டார். கோட்டைமேட்டு பாய் உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். "நீங்க வந்து குடுத்தீங்களேம்மா, அதுவே பெருசு" என்றார். அதைக் கேட்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அவள் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் இல்லை; பட்டறையை விட்டு நின்றுவிட்டாள் என்று, தாளை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் வந்துபோன மறுநாள், பிரஸ்ஸுக்குப் போய்ப் பட்டனில் இருந்த குச்சியைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் முதலாளியின் மேஜையில் வைத்திருக்கிறாள். ஒடிசாப் பெண்ணுக்கு முன்னால் தன் கையை விரித்துக் காட்டி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இருவரும் இப்போது சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி கேண்டீனில் இருக்கிறார்கள். அந்த மிசினில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று இருவருக்கும் தெரியாது.

தேர்தல் வந்தது. எங்கள் வீட்டுக் கதவிலும் துண்டறிக்கையைச் சொருகிவிட்டுப் போனார்கள். "நாடாளுமன்றத்தில் கொண்டு வந்த மசோதாக்கள்" என்று தலைப்பு. பட்டியலில் முதலாவது எங்களுடையது. அவை கலைந்தால் அந்த மசோதா தானாகவே காலாவதியாகிவிடும். துண்டறிக்கையில் அதைச் சொல்லவில்லை. அவர் மறுபடியும் ஜெயித்தார். புதிய அவையில் அவர் பெயரில் இருக்கும் மசோதாக்களை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். எங்களுடையதை அவர் திரும்பக் கொண்டுவரவில்லை.

அவள் என்னோடு பேச ஒரு வருடம் ஆயிற்று. ஏதோ ஒரு மத்தியானம் அவளாகவே போன் செய்து, "கேண்டீன் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க்கா" என்றாள். போனேன். சாப்பிடவைத்தாள். ஒடிசாப் பெண் இப்போது கொங்குத் தமிழில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள். மூன்று பேரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். போன மாதமும் போயிருந்தேன். வேலைக்காரர்களுக்கான காப்பீட்டுப் படிவம் ஒன்று அவள் மேஜையில் கிடந்தது, ஆங்கிலத்தில். "குடு, நான் நிரப்பித் தாரேன்" என்று கை நீட்டினேன்.

"நீங்க சாப்பிடுங்க்கா" என்றாள். படிவத்தை எடுத்துக்கொண்டு கல்லாவில் இருந்த பையனிடம் போனாள். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்திலேயே நின்று கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.